டைம் வேறு, டீமெ வேறு: டென்மார்க்குக்குப் புதிதாக வருவோருக்கு நேரச் சொற்களுக்கான வழிகாட்டி

டேனிஷ் கற்கத் தொடங்கும் தமிழர்களில் பலர் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மொழிக்குள் நுழைகிறார்கள். இரண்டும் ஒரே ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள் என்பதால் அது இயல்பான வழியே. வீடு, கை, பூனை, கோடை ஆகியவற்றுக்கான சொற்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்டதும் புதிதாக வந்தவருக்குத் துணிச்சல் பிறந்துவிடுகிறது. அந்தத் துணிச்சல் தடுக்கி விழும் இடங்களில் ஒன்று ‘டைம்’ என்ற ஆங்கிலச் சொல். டி, ஐ, எம், இ என்ற அதே நான்கு எழுத்துகளால் ஆன சொல் டேனிஷிலும் உண்டு. ‘டீமெ’ என்று ஒலிக்கும். ஆனால் அதற்கு நேரம் என்ற பொதுப்பொருள் இல்லை. அறுபது நிமிடங்கள் கொண்ட ஒரு மணி நேரம் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் டைம் ஒன்றே செய்யும் வேலைகளை டேனிஷில் டித், டீமெ, கங், குளொக்கென் ஆகிய நான்கு சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

இந்தப் பங்கீடு ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்குத்தான் புதிது. நேரம், மணி நேரம், தடவை, மணி என்று நாம் காலங்காலமாகப் பிரித்துப் பேசிவருவதையே டேனிஷ்காரர்களும் பிரித்துப் பேசுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படையான பரிந்துரை ஒன்றுதான்: நேரத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, தமிழிலிருந்து நேராக டேனிஷுக்குச் செல்லுங்கள். தமிழும் கைகொடுக்காத சில இடங்கள் உண்டு. அவற்றை அங்கங்கே சுட்டிக்காட்டுகிறேன்.

முதற்படி: ஒலிகளைப் பழகிக்கொள்ளுங்கள்

டேனிஷ் உச்சரிப்பு கடினம் என்று எல்லோரும் அச்சுறுத்துவார்கள். அது பெரும்பாலும் உண்மையே என்றாலும், இந்த நான்கு சொற்களைப் பொறுத்தவரை தமிழருக்கு இரண்டு வசதிகள் அமைந்திருக்கின்றன. முதலாவது, ‘டித்’ என்ற சொல்லின் இறுதியில் வரும் மெல்லிய ஒலி. எழுத்தில் அது டி என்ற ரோமன் எழுத்தாக இருந்தாலும், வாயில் அது ‘அது’, ‘இது’ ஆகிய சொற்களின் நடுவே நாம் இயல்பாகச் சொல்லும் தகர ஒலிக்கு மிக நெருக்கமானது. பிற நாட்டவர் பலர் வாரக்கணக்கில் முயலும் அந்த ஒலி நம் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது, ‘கங்’ என்ற சொல்லின் பன்மையான ‘கங்ஙெ’. ‘இங்ஙனம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பழகியவருக்கு அந்த ஙகர ஒலியில் சிக்கல் இருக்காது. அங்கே ககர ஒலி தலைகாட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

டீமெ, டித் ஆகியவற்றின் தொடக்கத்தில் வரும் டகரம் காற்றோடு வெளிப்படுவது. கூர்ந்து கேட்டால் அதனுடன் ஒரு சிறிய ஸகர ஒலியும் ஒட்டியிருக்கும். டீமெ என்பதன் பன்மை எழுத்தில் ரகரத்தில் முடிந்தாலும் ஒலியில் ‘டீமா’ என்றே கேட்கும். அந்தப் பன்மை வடிவத்தை எழுத்தில் பார்க்கும்போது, ஆங்கிலத்தில் சமையலறையிலும் கைப்பேசியிலும் இருக்கும் ‘டைமர்’ என்று கண் படித்துவிடும். அலுவலகத் தாள்களில் அதைக் கண்டால் ‘மணி நேரங்கள்’ என்று படியுங்கள்.

இரண்டாம் படி: மணி கேட்பதும் மணி சொல்வதும்

டேனிஷில் நேரம் கேட்கும் வாக்கியம் ‘வா எர் குளொக்கென்?’ என்பது. குளொக்கெ என்றால் கோயில் மணி, வாசல் மணி என்று அடித்து ஒலிக்கும் மணி. குளொக்கென் என்றால் ‘அந்த மணி’. ஆகவே அவ்வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘மணி என்ன?’ என்று வருகிறது. நாம் வீட்டில் கேட்பதும் அதையேதான். ‘குளொக்கென் எர் ட்ரே’ என்றால் ‘மணி மூன்று’. நேரம் காட்டும் கருவிக்குப் பெயரில்லாத காலத்தில், ஊருக்குக் கேட்கும்படி அடித்த மணியே நேரமாக இருந்த வழக்கம் இரண்டு மொழிகளிலும் அப்படியே தங்கிவிட்டது. ஆங்கிலத்தின் ‘கிளாக்’ என்ற சொல்லும் மணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான் என்றாலும், இன்றைய ஆங்கிலம் பேசுவோரின் காதில் அதில் மணியோசை எதுவும் கேட்பதில்லை.

கருவியைக் குறிக்க டேனிஷில் வேறு சொல் இருக்கிறது. அது ‘ஊர்’, நம் ஊரைப் போலவே ஏறத்தாழ ஒலிக்கும், ஈற்று ரகரம் மட்டும் தேய்ந்துபோயிருக்கும். கோப்பன்ஹேகன் நகர மன்றத்தில், ஜென்ஸ் ஓல்சன் என்பவர் வடிவமைத்து, அவர் 1945-இல் இறந்த பிறகு முடிக்கப்பட்டு, 1955 டிசம்பர் 15 அன்று இயக்கிவைக்கப்பட்ட புகழ்பெற்ற வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘வெர்டென்ஸ் ஊர்’, அதாவது உலகக் கடிகாரம். அதே கட்டடத்தின் கோபுரத்தில் அடிப்பவை குளொக்கெக்கள். கருவிக்கும் மணிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கட்டடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

‘எத்தனை மணிக்கு வர வேண்டும்?’ என்று கேட்க வேண்டுமானால் ‘வோனோர்’ என்று கேட்டால் போதும். ‘எப்போது’ என்பது அதன் பொருள். எழுத்தில் 14.30, 19.45 என்று இருபத்துநான்கு மணி நேரக் கணக்கைப் பயன்படுத்துவார்கள்; மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே பெரும்பாலும் புள்ளியே இருக்கும். அதைப் பார்த்து, பதினான்கு புள்ளி மூன்று என்ற தசம எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சில் பெரும்பாலும் பன்னிரண்டு மணிக் கணக்கே நடைமுறையில் இருக்கிறது.

மூன்றாம் படி: அரை என்னும் பொறி

தமிழ் கைகொடுக்காத முதல் இடம் இதுதான். ஆங்கிலமும் இங்கே உதவாது. ‘ஹல் ட்ரே’ என்று ஒருவர் சொன்னால், ஹல் என்றால் அரை, ட்ரே என்றால் மூன்று என்று தெரிந்தவர் உடனே மூன்றரை என்று குறித்துக்கொள்வார். அது இரண்டரை மணி. மூன்றாவது மணி நேரத்தில் பாதி கடந்திருக்கிறது என்ற கணக்கு அது. மூன்றரைக்குப் போய் நின்றால் நீங்கள் ஒரு மணி நேரம் தாமதம்; டென்மார்க்கில் அது சிறிய தாமதமாகக் கருதப்படாது.

நிமிடங்களையும் இந்த அரையைச் சுற்றியே எண்ணுவார்கள். இரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்தை ‘அரை மூன்றுக்கு ஐந்து குறைவு’ என்றும், இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடத்தை ‘அரை மூன்றுக்கு மேல் ஐந்து’ என்றும் சொல்வார்கள். ‘இ’ என்ற சிறுசொல் வந்தால் குறைவு. ‘ஓவர்’ வந்தால் கூடுதல். கால் மணிக்கான ‘க்வார்ட்’ என்பதிலும் இதே முறைதான்: ‘க்வார்ட் ஓவர் டோ’ இரண்டேகால், ‘க்வார்ட் இ ட்ரே’ இரண்டேமுக்கால்.

இந்த அரைக் கணக்கைப் புரிந்துகொள்ளச் செலவிடும் உழைப்பு வீண் போகாது. டேனிஷ் எண்களின் மிகப் பெரிய புதிரும் இதே சாவியால் திறக்கிறது. ஐம்பதுக்கு ‘ஹல்ட்ரெஸ்’ என்கிறார்கள். ‘ஹல்ட்ரெட்சென்ஸ்டூவெ’ என்ற பழைய நீண்ட வடிவத்தின் சுருக்கம் அது. ஹல்ட்ரெட் என்பது ‘மூன்றாவதில் பாதி’, அதாவது இரண்டரை. டூவெ என்பது இருபது. நடுவில் நிற்கும் ‘சென்’ என்ற துண்டு, ‘தடவை’ என்ற பொருள் கொண்ட ‘சென்னெ’ என்ற பழஞ்சொல்லின் எச்சம். இரண்டரைத் தடவை இருபது ஐம்பது. அறுபது என்பது மூன்று தடவை இருபது, எழுபது என்பது மூன்றரைத் தடவை இருபது, எண்பது என்பது நான்கு தடவை இருபது, தொண்ணூறு என்பது நாலரைத் தடவை இருபது. இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. டேனிஷ்காரர்களே அப்படிச் செய்வதில்லை, பலருக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதும் நினைவில் இருக்காது. ஆனால் டென்மார்க்கின் தொலைபேசி எண்கள் எட்டு இலக்கம் கொண்டவை; அவற்றை இரண்டிரண்டு இலக்கங்களாகச் சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம் என்பதால், ஐம்பது முதல் தொண்ணூற்றொன்பது வரையுள்ள எண்களிலிருந்து தப்பிக்க வழியில்லை. சொல் பிறந்த விதம் தெரிந்திருந்தால் அது எளிதில் மறக்காது.

அதே அச்சில் வார்த்த இன்னொரு சொல் ‘ஹலன்னென்’, அதாவது ‘இரண்டாவதில் பாதி’, ஒன்றரை. ‘ஹலன்னென் டீமெ’ என்றால் ஒன்றரை மணி நேரம். ஒன்றுக்கு மேற்பட்ட அளவாக இருந்தும் டீமெ இங்கே ஒருமையிலேயே நிற்பதைக் கவனியுங்கள்.

நான்காம் படி: டீமெ என்ற சொல்லை அதன் இடத்தில் வையுங்கள்

டீமெ என்பது நீளத்தை அளக்கும் சொல். ‘குளொக்கென் ட்ரே’ என்பது நாளின் ஒரு புள்ளியைக் காட்டுவது. தமிழில் ‘மூன்று மணிக்கு’ என்பதற்கும் ‘மூன்று மணி நேரம்’ என்பதற்கும் உள்ள அதே வேறுபாடு. தமிழில் ‘நேரம்’ என்ற சொல் சேரும் இடத்தில் டேனிஷில் டீமெ அல்லது டீமா வரும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

இந்தச் சொல்லை நீங்கள் முதலில் சந்திக்கப்போகும் இடம் வேலை ஒப்பந்தமாக இருக்கலாம். டென்மார்க்கில் முழுநேர வேலை என்றால் வழக்கமாக வாரத்துக்கு 37 மணி நேரம். அதை ஆண்டின் 52 வாரங்களால் பெருக்கி 12 மாதங்களால் வகுத்தால் மாதத்துக்கு 160.33 மணி நேரம் வருகிறது. சம்பளச் சீட்டில் டீமா என்று தலைப்பிட்ட இடத்தில் அந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. டேனிஷில் தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள் என்பதால் அது 160,33 என்று அச்சாகியிருக்கும். மணிக்கணக்கில் கிடைக்கும் ஊதியத்துக்கு ‘டீமெலொன்’ என்று பெயர். ‘மணிக்கு இவ்வளவு குரோனர்’ என்பதைச் சொல்லும்போது ‘இ டீமென்’ என்பார்கள். வாகன வேகமும் இதே சொல்லால்தான்: நகர்ப்புறத்தில் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டர், ஊர்ப்புறச் சாலையில் 80, நெடுவிரைவுச் சாலையில் உச்சமாக 130.

வண்டி வைத்திருப்பவருக்கு டீமா காசு சம்பந்தப்பட்ட சொல்லாகவும் ஆகிவிடுகிறது. நீல நிறப் பலகையில் வெள்ளை நிறத்தில் வண்டி நிறுத்தக் குறியும், அதன் கீழே ‘2 டீமா’ என்றும் எழுதியிருந்தால், இரண்டு மணி நேரம் வரை நிறுத்தலாம் என்பது பொருள். முன்கண்ணாடியின் உட்புறத்தில் ‘பே-ஸ்கீவெ’ எனப்படும் வட்டில் நீங்கள் வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டி வைக்க வேண்டும். அடுத்த கால் மணிக்கு உயர்த்தி வைக்கவும் இடமுண்டு. அதே பலகையில் 8-17 என்பதற்கு அருகே அடைப்புக்குறிக்குள் 8-14 என்று இருந்தால், அடைப்புக்குறிக்குள் இருப்பது சனிக்கிழமைக்கு உரியது. இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அபராதச் சீட்டுதான் விளக்குகிறது.

டீமெ என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு: பள்ளியில் ஒரு பாடவேளை. ‘டன்ஸ்க்டீமெ’ என்றால் டேனிஷ் பாடவேளை; ‘கோரெடீமெ’ என்றால் வண்டி ஓட்டப் பழகும் ஒரு பாடவேளை. இந்தப் பொருளில் டீமெ அறுபது நிமிடமாக இருக்க வேண்டியதில்லை. 45 நிமிடமாக இருப்பதே வழக்கம். பிள்ளையின் பள்ளியிலிருந்து ‘முதல் இரண்டு டீமா கணக்கு’ என்று செய்தி வந்தால் இரண்டு மணி நேரம் என்று கணக்கிட வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு வருவோருக்கு இதிலும் ஒரு சுருக்கம் காத்திருக்கிறது. அட்டவணையில் ஒன்பது மணி என்று போட்டிருக்கும் வகுப்பு பல இடங்களில் ஒன்பதேகாலுக்குத்தான் தொடங்கும். ‘கல்விக்கூடக் கால் மணி’ என்ற பழைய வழக்கம் அது. ஆனால் எல்லாத் துறைகளும் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால், முதல் நாள் ஒன்பதுக்கே போய்விடுவது நல்லது.

இருபத்துநான்கு மணி நேரம் கொண்ட முழு நாளுக்கு டேனிஷில் ‘டொய்ன்’ என்று தனிச்சொல் இருக்கிறது. இரவும் பகலும் சேர்ந்த நாள் அது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான எளிய சொல் இல்லை. இரவு முழுதும் திறந்திருக்கும் கடையின் வாசலிலும், மருந்து எத்தனை நாள் என்ற பேச்சிலும் அது வரும்.

ஐந்தாம் படி: டித் என்றால் நேரம், டித் என்றால் முன்பதிவும்கூட

நேரம், காலம் என்ற பரந்த பொருளுக்கு உரிய சொல் டித்தான். ‘நேரமில்லை’, ‘நேரமாகும்’, ‘காலம் மாறிவிட்டது’ ஆகிய எல்லாவற்றிலும் அதுவே வரும். கூட்டுச்சொற்களில் அது எங்கும் பரவிக் கிடக்கிறது: திறந்திருக்கும் நேரம் ஓப்னிங்ஸ்டித், காத்திருக்கும் நேரம் வென்டெடித், ஓய்வு நேரம் ஃப்ரிடித், முழுநேரம் ஃபுல்டித், பகுதிநேரம் டேல்டித். தமிழில் காலம் என்ற சொல் யுகத்தையும் இலக்கணத்தில் வினையின் காலத்தையும் ஒருசேரக் குறிப்பதுபோல டித்தும் குறிக்கிறது. வைக்கிங் காலம் வீக்கிங்கெடித், நிகழ்காலம் நுடித், இறந்தகாலம் டாடித், எதிர்காலம் ஃப்ரெம்டித். மொழி வகுப்பில் ஆசிரியர் ‘எந்த டித்?’ என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், வினைச்சொல்லைப் பாருங்கள்.

டைம், டீமெ இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பதும், டித் என்பதன் உடன்பிறப்பு ஆங்கிலத்தில் கடல் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும் ‘டைட்’ என்பதும் இங்கே சொல்லத் தக்கவை. பழைய ஆங்கிலத்தில் டைட் என்பதன் மூதாதைச் சொல் நேரத்தையும் மணி நேரத்தையும் குறித்தது; கிறிஸ்துமஸ் காலத்தைக் குறிக்கும் ‘யூல்டைட்’ என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் டைம் விரிந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள, டைட் கடற்கரையோடு ஒதுங்கியது. மணி நேரத்துக்கு ‘அவர்’ என்ற சொல்லைப் பிரெஞ்சிலிருந்து இரவல் வாங்கிக்கொண்டார்கள். டேனிஷில் நடந்தது இதற்கு நேர்மாறு: டித் விரிந்தது, டீமெ அறுபது நிமிடமாகச் சுருங்கியது. ஆங்கிலத்தின் வழியே வருபவர் குழம்புவதற்குக் காரணம் அவருடைய அறியாமை இல்லை. இரண்டு மொழிகளும் ஒரே சொத்தைக் குறுக்குமறுக்காகப் பங்கு பிரித்ததுதான்.

நடைமுறையில் உங்களுக்கு மிகவும் தேவைப்படப்போவது டித் என்பதன் மற்றொரு பொருள். மருத்துவர், பல் மருத்துவர், முடி திருத்துபவர், நகராட்சியின் குடிமக்கள் சேவை மையம் என எங்கு போவதற்கும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் டித் என்றே பெயர். ‘யை வில் கேர்னெ பெஸ்டெல்லெ என் டித்’ என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘எனக்கு ஒரு முன்பதிவு நேரம் வேண்டும்’ என்பது அதன் பொருள். இணையத்தில் பதிவு செய்யும்போது ‘லேதியெ டிதா’ என்ற தலைப்பின் கீழ் காலியாக உள்ள நேரங்கள் தெரியும். குடும்ப மருத்துவர் பலர் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை தொலைபேசியில் தாமே பேசுவார்கள். அதற்கு ‘டெலிஃபோன்டித்’ என்று பெயர். மாலை நான்கு மணிக்கு மேல் அவர்களை எதிர்பார்க்க முடியாது. கோப்பன்ஹேகனை உள்ளடக்கிய தலைநகர வட்டாரத்தில் அந்நேரங்களில் 1813 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; உயிருக்கு ஆபத்து என்றால் எங்கிருந்தாலும் 112.

இங்கே ‘என்’ என்ற சிறுசொல் பெரிய வேலை செய்கிறது. ‘ஹா டு டித்?’ என்றால் ‘உங்களுக்கு நேரமிருக்கிறதா?’ என்று பொருள். ‘ஹா டு என் டித்?’ என்றால் ‘முன்பதிவு செய்திருக்கிறீர்களா?’ என்று பொருள். வரவேற்பு மேசையில் கேட்கப்படுவது இரண்டாவது. நேரம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்து ஆம் என்று சொல்லிவிட்டால், இல்லாத முன்பதிவை அவர் கணினியில் தேடிக்கொண்டிருப்பார். தமிழில் இப்படிப்பட்ட சிறுசொல் பெயருக்கு முன்னே நின்று பொருளை மாற்றுவது அரிது என்பதால், நம் காது அதை எளிதில் தவறவிடுகிறது. தமிழ் உதவாத இரண்டாவது இடம் இதுவே.

நார்வேயில் உறவினர் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நார்வேயில் மருத்துவரிடம் பெறும் முன்பதிவுக்கு டித் என்று சொல்லாமல், டீமெ என்பதன் நார்வேச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். ஓஸ்லோவில் இருக்கும் அண்ணன் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைக் கோப்பன்ஹேகனில் சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் அது நார்வேக்காரர் பேச்சாகத்தான் கேட்கும்.

ஆறாம் படி: தடவைக்குக் கங்

இந்தத் தடவை, அடுத்த தடவை, முதல் தடவை என்பவற்றை ஆங்கிலத்தில் டைம் என்றே சொல்லிப் பழகியவர், டேனிஷிலும் டித் என்றோ டீமெ என்றோ சொல்லிவிடுவார். தடவை, முறை என்று தமிழில் வரும் இடமெல்லாம் டேனிஷில் கங்: டென்னெ கங், நெஸ்டெ கங், ஃபோர்ஸ்டெ கங். புதிதாக வந்தவருக்கு இவற்றில் எல்லாவற்றையும் விடப் பயன்படுவது ‘என் கங் டில்’, அதாவது இன்னொரு தடவை. ‘கா டு சீ டே என் கங் டில்?’ என்று கேட்டால், சொன்னதைத் திரும்பச் சொல்வார்கள். இதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். பலர் இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, அந்த நொடியே முழு உரையாடலையும் ஆங்கிலத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். டேனிஷில் கேட்டால் டேனிஷிலேயே பதில் வர வாய்ப்பு அதிகம்.

மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் கங்ஙெயும் டீமெயும் அடுத்தடுத்து வரக்கூடும். அங்கே தவறுக்கு இடம் கொடுக்கக் கூடாது. ‘3 கங்ஙெ டௌலிட்’ என்றால் நாளொன்றுக்கு மூன்று தடவை, நம் பேச்சில் மூன்று வேளை. ‘வேர் 6. டீமெ’ என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 6 என்ற எண்ணுக்குப் பின் நிற்கும் புள்ளி ‘ஆறாவது’ என்பதைக் காட்டுவது. அது வாக்கிய முடிவு அன்று. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஆறு தடவை என்று எடுத்துக்கொண்டால் அளவு மீறிவிடும். ஐயம் இருந்தால் மருந்தகத்தில் சீட்டைக் காட்டி, விரல்விட்டு எண்ணிக்கேட்பதில் எந்த இழுக்கும் இல்லை.

கணக்குப் பாடத்தின் பெருக்கலும் கங்ஙெதான்; ‘ட்ரே கங்ஙெ ஃபியர்’ என்றால் மூன்றை நான்கால் பெருக்குவது. மூன்று மடங்கு பெரியது என்று சொல்லவும் அதே சொல் வரும். இந்த ஓரிடத்தில் ஆங்கிலத்தின் டைம்ஸ் என்பதும் டேனிஷும் ஒத்துப்போகின்றன.

கங் என்பதற்கு நடை, நடைகூடம் என்ற பொருள்களும் உண்டு. கங் என்ற எழுத்துகளை ஆங்கிலமாகப் படித்தால் ‘கேங்’ என்று வந்து, ரவுடிக் கும்பல் என்று தோன்றும்; உண்மையில் அந்த ஆங்கிலச் சொல்லும் ‘போதல்’ என்ற பொருளில் பிறந்ததே. மருத்துவமனையில் ‘கங்ஙென்’ என்று காதில் விழுந்தால் நடைகூடத்தைப் பற்றிப் பேசுகிறார்களா, ‘என் ஆ கங்ஙென்’ என்று சொல்லி ‘ஒவ்வொருவராக வாருங்கள்’ என்கிறார்களா என்பதைச் சூழலைக் கொண்டுதான் முடிவுசெய்ய வேண்டும்.

ஏழாம் படி: முன்னே நிற்கும் சிறுசொற்கள்

பெயர்ச்சொற்கள் நான்கும் கைவசமான பிறகு, அவற்றுக்கு முன்னே நிற்கும் இ, ஓம், போ, டில், ஃபோ போன்ற சிறுசொற்களைப் பழக வேண்டும். தமிழில் ‘ஒரு மணி நேரத்தில்’ என்பது இரண்டு பொருள் தரும்: ‘ஒரு மணி நேரத்தில் வருகிறேன்’ என்பதில் அது இனி கழியவேண்டிய நேரம், ‘ஒரு மணி நேரத்தில் முடித்தேன்’ என்பதில் அது வேலைக்குச் செலவான நேரம். டேனிஷில் முதலாவது ‘ஓம் என் டீமெ’, இரண்டாவது ‘போ என் டீமெ’. ஒரு மணி நேரமாகக் காத்திருந்தேன் என்பதற்கு ‘இ என் டீமெ’. ஒரு மணி நேரத்துக்கு முன்பு என்பதற்கு ‘ஃபோ என் டீமெ சீதென்’. இதில் முன்னும் பின்னும் ஒவ்வொரு சொல் நின்று நேரத்தை நடுவில் பிடித்துக்கொள்கிறது.

டித் என்பதோடு வரும் தொடர்களைத் தனித்தனிச் சொற்களாகவே மனத்தில் பதியவைப்பது நல்லது. இவற்றுக்கு விதி தேடினால் களைப்புதான் மிஞ்சும். ‘டில் டிதென்’ என்றால் குறித்த நேரத்துக்குச் சரியாக. ‘இ டீதெ’ என்றால் காலம் கடந்துவிடாமல். ‘ஃபோ டிதென்’ என்றால் தற்போது. ‘மெத் டிதென்’ என்றால் நாளடைவில். ‘போ டீதெ’ என்றால் ஒன்றைச் செய்வதற்கு வேளை வந்துவிட்டது. ‘இ கோத் டித்’ என்றால் அவசரமில்லாமல் முன்கூட்டியே. இதில் கோத் என்றால் நல்ல என்று பொருள் என்பதால், ஆங்கிலத்தில் ‘குட் டைம்’ என்று சொல்லி மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிப்பதோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதேபோல, முன்பு ஒருவர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தால், அவரை அடுத்து எங்கே பார்த்தாலும் ‘டக் ஃபோ சிஸ்ட்’ என்று சொல்வது டேனிஷ் நாகரிகம். ‘போன தடவைக்கு நன்றி’ என்பது கருத்து. ஆனால் அதில் கங் என்ற சொல்லே வருவதில்லை.

எட்டாம் படி: எல்லாவற்றையும் ஒரு தொலைபேசி உரையாடலில் பொருத்திப் பாருங்கள்

மருத்துவமனைக்கு அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உங்களுடைய பத்து இலக்கப் பதிவு எண்ணைக் கேட்பார்கள். மூன்றாம் படியில் கற்ற எண்கள் அங்கே தேவைப்படும். பிறகு ‘எர் டே ஃபோர்ஸ்டெ கங்?’ என்று கேட்கலாம். முதல் தடவையா என்பதே கேள்வி. தொடர்ந்து, ‘டு ஹா ஃபோத் என் டித் டோஸ்டா குளொக்கென் ஹல் டீ. டே டா ஹலன்னென் டீமெ. கொம் இ கோத் டித்’ என்று சொல்கிறார்கள். வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு உங்களுக்கு முன்பதிவு கிடைத்திருக்கிறது. டீ என்றால் பத்து என்பதால் ‘அரை பத்து’ ஒன்பதரை. ஒன்றரை மணி நேரம் ஆகும். கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிடுங்கள். இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொன்னால் டைம் என்ற ஒரே சொல் மூன்று இடங்களிலாவது வந்துவிடும்.

கேட்டதை உடனே எண்ணாக மாற்றித் திருப்பிச் சொல்லுங்கள்: ஒன்பது, முப்பது. அவர் ‘யா’ என்று சொன்ன பிறகு தொலைபேசியை வையுங்கள். எழுத்துவடிவம் உங்கள் அரசு மின்னஞ்சல் பெட்டிக்கும் வரக்கூடும்; அதில் 9.30 என்றே அச்சாகியிருக்கும் என்பதால், ‘ஹல்’ என்று காதில் கேட்டதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த நாளில் போக முடியாது என்றால் ‘யை வில் கேர்னெ ஃப்லொட்டெ மின் டித்’ என்று சொல்லி வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்; முற்றிலும் வேண்டாம் என்றால் ஃப்லொட்டெ என்ற இடத்தில் ‘அவ்லூஸெ’ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் கூடிய விரைவில், குறைந்தது முந்தைய நாளிலேயே சொல்லிவிடுங்கள். பல் மருத்துவர்களில் பலர், சொல்லாமல் வராதவர்களிடம் அந்த டித்துக்கான கட்டணத்தை வாங்கிவிடுகிறார்கள்.